விமானத்தில் குழந்தை அழுதால் என்ன செய்வது?

கேள்வி: என் மகளுக்கு இப்போது ஐந்து மாதம். 34 வாரத்திலேயே பிறந்துவிட்டாள். பிறந்ததும் மூன்று நாள் ஆக்சிஜன் வைத்தார்கள், அதற்குப் பிறகு ஒரு பிரச்சினையும் இல்லை. தாய்ப்பால்தான் கொடுக்கிறேன், ராத்திரி ஒரு வேளை மட்டும் பவுடர் பால். அடுத்த மாதம் வெளிநாட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறோம். இரவு விமானம், ஏழு மணி நேரம். நான், கணவர், என் அம்மா மூவருமே விமானம் ஏறுவது இதுதான் முதல் தடவை. குழந்தைக்குக் காது ஜவ்வு கிழிந்துவிடும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். காதில் பஞ்சு வைத்தால் போதும் என்கிறார் அம்மா. ஏறுவதற்கு முன்னால் கொஞ்சம் சளி சிரப் கொடுத்துவிடு, இறங்கும்வரை தூங்குவாள் என்கிறாள் தோழி. அத்தனை பேர் நடுவில் விடாமல் அழுதால் என்ன செய்வேன் என்று நினைத்தாலே எனக்குத் தூக்கம் வரவில்லை. பயணத்தைத் தள்ளிப்போட்டுவிடலாமா டாக்டர்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தள்ளிப்போட வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகள் விமானத்தில் தாராளமாகப் போகலாம். ஆனால் அந்த சிரப்பைக் கொடுக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த விஷயம் அது ஒன்றுதான், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணத்தைக் கொஞ்சம் பின்னால் விளக்குகிறேன்.

கைக்குழந்தையோடு முதல் தடவை விமானம் ஏறப் போகும் பெற்றோர் என்னிடம் கேட்பதில் பாதிக்கு மேல், எப்படியாவது குழந்தை அழாமல் பார்த்துக்கொள்வது பற்றித்தான். குழந்தைக்குத் தீங்கு வருவதும் பெரும்பாலும் அந்த முயற்சியில்தான். தூங்க வைக்க மருந்து கொடுப்பது, வாயை மூட வைக்கப் பாலைத் திணிப்பது, அழுதுவிடுவாளே என்று விமானத்தில் தரும் தொட்டிலில் போடாமல் நெஞ்சோடு அணைத்தபடியே தாயும் கண்ணயர்ந்துவிடுவது. அழுகை அவ்வளவு பெரிய விபத்து இல்லை, சகோதரி. விமானம் இறங்கும் நேரத்தில் அது குழந்தைக்கு உதவியாகக்கூட இருக்கும். எப்படி என்று காது விஷயத்திலிருந்தே பார்ப்போம்.

நம் செவிப்பறைக்கு, அதாவது காது ஜவ்வுக்குப் பின்னால் நடுக்காது என்று ஒரு சின்ன அறை இருக்கிறது, உள்ளே வெறும் காற்று. அந்த அறையிலிருந்து மூக்கின் பின்புறத்துக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. யூஸ்டேஷியன் குழாய் என்பார்கள். சாதாரணமாக மூடியே இருக்கும், விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் ஒரு கணம் திறந்து மூடும். விமானம் மேலே ஏறும்போது கேபினுக்குள் காற்றழுத்தம் குறைகிறது. நடுக்காதில் இருக்கும் காற்று விரிந்து அந்தக் குழாய் வழியாகத் தானாகவே வெளியேறிவிடும், பெரிதாகத் தொந்தரவு இருக்காது. தொல்லை கொடுப்பது இறங்கும் நேரம்தான். வெளியே அழுத்தம் கூடிக்கொண்டே வரும். குழாய் திறந்து உள்ளேயும் காற்று போனால்தான் இரண்டு பக்கமும் சமமாகும். திறக்காவிட்டால் செவிப்பறை உள்பக்கமாக இழுபடும், அந்த இழுப்புதான் வலி. கைக்குழந்தைகளுக்கு இந்தக் குழாய் குட்டையாகவும் குறுகலாகவும், கிட்டத்தட்ட படுக்கைவாட்டிலும் இருக்கும். அதனால் பெரியவர்களைவிட அவர்களுக்குச் சட்டென்று அடைத்துக்கொள்கிறது. நமக்குக் காது அடைத்தால் எச்சிலை விழுங்கிக்கொள்கிறோம், ஐந்து மாதக் குழந்தைக்கு அது தெரியாது.

ஜவ்வு கிழிவது என்பது மிக மிக அரிது. அப்படியே ஆனாலும் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே மூடிவிடும். பக்கத்து வீட்டில் சொன்னதை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். அம்மா சொன்ன பஞ்சும் வேண்டாம். அழுத்த வித்தியாசம் செவிப்பறைக்கு உள்ளே இருக்கும் அறையில், பஞ்சு வைப்பதோ வெளிக்காதில். சத்தம் கொஞ்சம் குறையலாம், வலிக்கு ஒரு பலனும் இல்லை. பிய்ந்த பஞ்சு காதுக்குள் சிக்கிக்கொண்டால் அது வேறு தலைவலி.

செய்ய வேண்டியது குழந்தையை விழுங்க வைப்பது, அவ்வளவுதான். அதற்குத் தாய்ப்பாலைவிட நல்ல வழி இல்லை. பாட்டிலும் சரி, சப்பும் பழக்கம் இருந்தால் நிப்பிளும் சரி. ஆனால் எப்போது ஆரம்பிப்பது என்பதில்தான் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள்.

ஏறும்போது: எல்லோரும் உட்கார்ந்து கதவைச் சாத்தியதுமே பால் கொடுக்க ஆரம்பித்துவிடாதீர்கள். விமானம் ஓடுபாதைக்குப் போய் வரிசையில் நின்று, சமயத்தில் அரை மணி நேரம்கூடக் காத்திருக்கும். அதற்குள் குடித்து முடித்து, வயிறு நிறைந்து, உண்மையில் தேவைப்படும்போது வாயைத் திருப்பிக்கொள்வாள். என்ஜின் சத்தம் திடீரென்று பெரிதாகி, முதுகு சீட்டோடு அழுந்தும் பாருங்கள், அப்போது ஆரம்பித்தால் போதும்.

இறங்கும்போது: சக்கரம் தரையைத் தொடுவதற்குக் கிட்டத்தட்ட அரை மணி நேரம் முன்பே விமானம் இறங்க ஆரம்பித்துவிடும். தரை தெரிகிறதா, சக்கரம் வெளியே வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தால் நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம். முதல் அறிகுறி சத்தத்தில் வரும். அதுவரை ஒரே சீராக இரைந்துகொண்டிருந்த என்ஜின் ஒலி தணியும், விமானத்தின் மூக்கு லேசாகக் கீழே சாய்வது போல இருக்கும், சற்று நேரத்தில் உங்கள் காதே மெல்ல அடைக்கும். உங்கள் காதுதான் இதில் நல்ல கடிகாரம். அது அடைக்க ஆரம்பித்ததும் குழந்தையை மார்பில் விடுங்கள். அதற்கு அவள் கொஞ்சம் பசியோடு இருக்க வேண்டும், ஆகவே முந்தைய பாலைத் தரையிறங்குவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பே கொடுத்து முடித்துவிடுங்கள். எத்தனை மணிக்கு இறங்கும் என்பது சீட்டின் முன்னால் திரை இருந்தால் அதிலேயே ஓடும், இல்லையென்றால் பணிப்பெண்ணிடம் கேட்டால் சொல்வார். மட்டமாகப் படுக்க வைத்துக் கொடுக்காமல் தலையைச் சற்று உயர்த்திப் பிடித்துக் கொடுங்கள்.

சரி, எல்லாம் செய்தும் குடிக்க மாட்டேன் என்கிறாள், வீறிட்டு அழுகிறாள். அழட்டும். அழும்போது தாடை நன்றாகத் திறக்கிறது, நடுநடுவே எச்சிலை விழுங்குகிறாள், குழாய் திறக்கிறது. மருந்தில்லாமல் குழந்தை தனக்குத் தானே செய்துகொள்ளும் வைத்தியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் பாட்டிலை வாயில் திணிப்பதுதான் தவறு, புரையேறிவிடும். அணைத்துப் பிடித்து, முதுகைத் தடவி, காதருகே மெதுவாகப் பேசிக்கொண்டிருங்கள். தரையைத் தொட்ட பத்து நிமிடத்தில் பெரும்பாலான குழந்தைகள் ஒன்றுமே நடக்காதது போல விளையாட ஆரம்பித்துவிடும்.

இறங்கும் நேரத்தில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பலாமா என்று அடுத்து கேட்பீர்கள். மருத்துவர்களுக்குள்ளேயே இதில் ஒரே கருத்து இல்லை. தூக்கத்தில் விழுங்குவது குறைவு என்பதால் எழுப்பச் சொல்பவர்கள் உண்டு. என் கருத்து இது: மூக்கு சுத்தமாக இருந்து குழந்தை நிம்மதியாகத் தூங்கினால் விட்டுவிடுங்கள், வலித்தால் அவளே எழுந்துகொள்வாள். சளி இருந்தால் மட்டும் மெதுவாக எழுப்பிப் பால் கொடுங்கள்.

சளி என்றதும் சிரப்புக்கு வருகிறேன்.

தூக்கம் வரவைக்கும் சளி சிரப்புகளில் இருப்பது டைஃபென்ஹைட்ரமின், குளோர்ஃபெனிரமின், புரோமெதசின் போன்ற அலர்ஜி மருந்துகள். தூக்கம் அவற்றின் பக்கவிளைவு. அந்தப் பக்கவிளைவை நம்பி மருந்து கொடுப்பதே அடிப்படையில் தப்பு. புரோமெதசினை இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது, மூச்சு அடங்கி உயிரே போகலாம் என்று மருந்தோடு எச்சரிக்கை அச்சிடப்படுகிறது. மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்கும் இருமல், சளி மருந்துகளை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2008இலேயே அறிவித்தது. உங்கள் மகள் விஷயத்தில் இன்னும் இரண்டு காரணங்கள் சேர்கின்றன. ஒன்று, குறைமாதத்தில் பிறந்தவள். இரண்டு, கேபினில் கிடைக்கும் ஆக்சிஜன் தரையில் கிடைப்பதைவிடக் குறைவு. அப்படிப்பட்ட இடத்தில் மூச்சை மந்தமாக்கும் ஒரு மருந்தைக் கொடுத்து, இருட்டில் துணியைப் போர்த்தித் தூங்க வைத்தால், மூச்சு சரியாக வருகிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. இன்னொன்றையும் தோழியிடம் சொல்லுங்கள். இந்த மருந்துகள் சில குழந்தைகளுக்கு நேர்மாறாக வேலை செய்யும். தூங்குவதற்குப் பதிலாகப் பரபரத்து, எதற்கும் சமாதானமாகாமல் மணிக்கணக்கில் அழுவார்கள்.

பயண நேரத்தில் உண்மையிலேயே மூக்கடைப்பு இருந்தால் சலைன் சொட்டு, அதாவது வெறும் உப்பு நீர்ச் சொட்டு போதும். இறங்கத் தொடங்கும் முன்பு ஒவ்வொரு துவாரத்திலும் ஒன்றிரண்டு சொட்டு விட்டு, வெளியே வழிவதைத் துடைத்துவிடுங்கள். பெரியவர்கள் போடும் மூக்கடைப்பு மருந்தை ஒரு சொட்டுகூடப் போடாதீர்கள். காய்ச்சல், காது வலி, வேகமான மூச்சு, பால் குடிக்காமை இவற்றில் எது இருந்தாலும் மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை விமானம் ஏறக் கூடாது. குறைமாதக் குழந்தைகளுக்கு நெஞ்சுச் சளி பிடித்தால் சில சமயம் மூச்சு விட்டு விட்டு வரும், அதோடு ஏழு மணி நேரம் வானத்தில் இருப்பது சரியில்லை. அந்த நிலை வந்தால் அப்போது தள்ளிப்போடுங்கள். டிக்கெட் பணம் போனால் போகட்டும்.

கேபின் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மூன்று நாள் ஆக்சிஜன் வைத்ததை நீங்கள் எழுதியிருந்தீர்கள். விமானம் முப்பத்தைந்தாயிரம் அடியில் பறந்தாலும் உள்ளே அழுத்தத்தை 6,000 முதல் 8,000 அடி உயர மலைமேல் இருக்கும் அளவில் வைத்திருப்பார்கள். 8,000 அடி என்றால், தரையில் 21 சதவீதம் ஆக்சிஜன் உள்ள காற்றுக்குப் பதில் ஏறக்குறைய 15 சதவீதம் உள்ள காற்றைச் சுவாசிப்பதற்குச் சமம். ஆரோக்கியமான குழந்தையின் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு சில புள்ளிகள் இறங்கும், உடம்பு தாங்கிக்கொள்ளும். வாரக்கணக்கில் ஆக்சிஜனில் இருந்த குழந்தைகள், நாள்பட்ட நுரையீரல் பிரச்சினையோ இதயக் கோளாறோ உள்ள குழந்தைகள், இவர்கள்தான் பயணத்துக்கு முன் தனியாகப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டியவர்கள். குறைந்த ஆக்சிஜன் உள்ள காற்றைக் கொஞ்ச நேரம் சுவாசிக்க வைத்து அளவு பார்க்கும் சோதனை அது. பிறந்த புதிதில் மூன்று நாள் மட்டும் ஆக்சிஜன் வைத்து, அதன்பின் நன்றாக வளர்ந்துவரும் குழந்தைக்குச் சாதாரணமாக அது தேவைப்படாது. ஆனாலும் உங்கள் மருத்துவர் நெஞ்சைப் பரிசோதித்து, அந்த டிஸ்சார்ஜ் அறிக்கையையும் ஒரு தடவை பார்த்துவிடட்டும்.

அழுத்தம் குறைவதில் இன்னொரு விளைவு வயிற்றில். குடலில் இருக்கும் காற்றும் விரியும், நான்கில் ஒரு பங்குக்கு மேலேயே. வயிறு உப்பி, காலை மடக்கிக்கொண்டு அழுவது பெரும்பாலும் இதனால்தான். ஏறுவதற்கு முன் நன்றாக ஏப்பம் எடுத்துவிடுங்கள், டயப்பரை வயிற்றில் இறுக்கி ஒட்டாதீர்கள். இதே காரணத்தால் பால் பாட்டிலிலும் ஒன்று நடக்கும். தரையில் மூடிய பாட்டிலை மேலே போய்த் திறந்தால் உள்ளே அடைபட்டிருந்த காற்று பாலை நிப்பிள் வழியாகப் பீய்ச்சி அடிக்கும். குழந்தையின் வாயில் வைப்பதற்கு முன் மூடியை ஒரு சுற்றுத் தளர்த்தி, காற்றை விட்டு, திரும்ப மூடிக்கொள்ளுங்கள்.

கேபின் காற்று மிகவும் வறண்டது, ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழேதான். மூக்கு காய்ந்து அடைக்கும், தாகம் எடுக்கும். உங்கள் மகளுக்குத் தண்ணீர் கொடுக்காதீர்கள், ஆறு மாதம் வரை பால்தான் அவளுக்குத் தண்ணீரும். வழக்கத்தைவிடச் சற்று அடிக்கடிக் கொடுங்கள். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டியது நீங்கள். நீங்கள் குடித்தால்தான் உங்களுக்குத் தெம்பு இருக்கும்.

இப்போது அந்த "அத்தனை பேர் நடுவில்" விஷயம். அதை நீங்கள் எழுதியிருந்த விதத்தைப் படித்தபோது வருத்தமாக இருந்தது, ஏனென்றால் இந்தப் பயம் பெரும்பாலும் தாயின் தலையில் மட்டுமே வந்து விழுகிறது. விமானத்துக்குள் என்ஜின் இரைச்சலே 80 டெசிபலைத் தாண்டும். நாலைந்து வரிசை தள்ளி இருப்பவருக்குக் குழந்தையின் அழுகை அந்த இரைச்சலில் பாதி கரைந்துவிடும். பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கும்தான், ஆனால் அவர்களிலும் பலர் குழந்தை வளர்த்தவர்கள். யாராவது முகம் சுளித்தால் சுளித்துவிட்டுப் போகட்டும். அவரைச் சமாதானப்படுத்துவது உங்கள் வேலையில்லை. உங்கள் பதற்றம் கைவழியாகக் குழந்தைக்குத் தெரியும், பதறிய கையில் குழந்தை அடங்காது. அழும்போது பசியா, ஈரமா, வயிற்றில் காற்றா, குளிரா, தூக்கமா என்று வீட்டில் பார்ப்பதைப் போலவே ஒவ்வொன்றாகப் பாருங்கள். எதுவும் இல்லையென்றால் பெல்ட் போடச் சொல்லும் விளக்கு அணைந்திருக்கும் நேரமாகப் பார்த்துக் கணவர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடைபாதையில் மெதுவாக நடக்கட்டும். நடையும் அந்த இரைச்சலும் சேர்ந்தே பல குழந்தைகளைத் தூங்க வைத்துவிடும்.

மூன்று பெரியவர்கள் போகிறீர்கள், அது பெரிய பலம். ஏறுவதற்கு முன்பே முறை பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் நீங்கள், இரண்டு மணி நேரம் கணவர், நடுவில் அம்மா. முறை யாருடையதோ அவர் விழித்திருக்க வேண்டும், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது. இதில் நான் கண்டிப்பாகச் சொல்வேன். அசதியில் தூங்கும் பெரியவரின் கைக்கும் சீட்டுக்கும் இடையில் குழந்தையின் மூக்கு அழுந்தினால் சத்தமே வராது. இரவு விமானத்தில் எனக்கு அழுகையைவிட இந்தச் சத்தமில்லாத ஆபத்துதான் பெரிதாகத் தெரிகிறது. கண் சொக்கினால் அடுத்தவரை எழுப்பிக் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் தொட்டிலில் போடுங்கள்.

பேசினெட் எனப்படும் அந்தத் தொட்டில் எல்லா சீட்டுக்கும் கிடையாது. தடுப்புச் சுவருக்கு நேர் எதிரே உள்ள வரிசையில் மட்டும் சுவரில் மாட்டுவார்கள், ஒரு விமானத்தில் சிலதுதான் இருக்கும். எடை வரம்பு உண்டு, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இப்போதே விமான நிறுவனத்தைக் கூப்பிட்டுக் கேட்டுப் பதிவு செய்யுங்கள், விமான நிலையத்திலும் சீக்கிரம் போய் ஞாபகப்படுத்துங்கள். சில விஷயங்கள் முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது. ஏறும்போதும் இறங்கும்போதும் குழந்தை அதில் இருக்கக் கூடாது. நடுவானில் விமானம் குலுங்கி பெல்ட் விளக்கு எரிந்தாலும் பல நிறுவனங்களில் குழந்தையை வெளியே எடுக்கச் சொல்வார்கள், அப்போதுதான் தூங்கியிருந்தாலும் சரி. கோபப்படாமல் எடுத்துவிடுங்கள், அந்த விதிக்குக் காரணம் இருக்கிறது. அந்த வரிசையில் முன்னால் சீட் இல்லை என்பதால் பையைக் காலடியில் வைக்க விட மாட்டார்கள், மேலே வைத்துவிடுவார்கள். ஆகவே ஏறும் நேரத்துக்கு வேண்டிய ஒரு டயப்பர், ஒரு துணி, சலைன் சொட்டு இவற்றை மட்டும் சின்ன உறையில் போட்டு சீட்டிலேயே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மடியில் வைத்துப் போகும்போது குழந்தைக்கென்று சின்ன பெல்ட் ஒன்று கொடுப்பார்கள். உங்கள் பெல்ட்டை அதன் வளையத்துக்குள் நுழைத்து நீங்கள் போட்டுக்கொண்டு, அந்தச் சின்ன பெல்ட்டைக் குழந்தையின் இடுப்பில் பூட்ட வேண்டும். சில நாடுகளின் விதிகளில் இந்த பெல்ட் கிடையாது, கையால் அணைத்துப் பிடிக்கச் சொல்வார்கள். எப்படியானாலும் உங்கள் பெல்ட்டையே குழந்தையையும் சேர்த்துச் சுற்றிப் போடாதீர்கள். திடீரென்று குலுங்கினால் உங்கள் முழு எடையும் முன்னால் வந்து, நடுவில் இருக்கும் குழந்தைதான் நசுங்கும். பாதுகாப்பு என்று மட்டும் பார்த்தால் குழந்தைக்குத் தனி சீட் வாங்கி, விமானத்துக்கு அனுமதி பெற்ற, குழந்தைகளுக்கான கார் சீட்டில் பூட்டுவதுதான் மிகச் சிறந்தது. எல்லோராலும் முடியாது என்பது எனக்குத் தெரியும். முடிந்தவர்கள் யோசிக்கட்டும்.

மேலே இருந்து ஆக்சிஜன் முகமூடி விழுந்தால் முதலில் நீங்கள் போட்டுக்கொண்டு அப்புறம்தான் குழந்தைக்கு. தாய்க்கு இது மனசு கேட்காத விஷயம். ஆனால் அந்த உயரத்தில் ஆக்சிஜன் இல்லாமல் நிதானம் தப்பாமல் இருப்பது அரை நிமிடமோ ஒரு நிமிடமோதான். நீங்கள் மயங்கிவிட்டால் அவளுக்குப் போட்டுவிட யார் இருக்கிறார்கள்? சீட் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நடைபாதை ஓர சீட்டில் உட்கார்ந்து குழந்தையை வைத்திருந்தால் சூடான டீ, காபி அவள் தலைக்கு மேலேதான் கைமாறும். குழந்தையை வைத்திருப்பவர் உள்ளே உட்காரட்டும், கணவரை ஓரத்தில் உட்கார வையுங்கள்.

விமான நிலையச் சோதனையைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். கைப்பையில் திரவம் 100 மில்லிக்கு மேல் கூடாது என்ற விதி குழந்தையின் பாலுக்கும், பால் கலக்கும் தண்ணீருக்கும் பொதுவாகத் தளர்த்தப்படும். பயணத்துக்குத் தேவையான அளவு கொண்டுபோகலாம். தனியாக எடுத்துக் காட்டி, குழந்தைக்கு என்று சொல்லுங்கள். திறந்து பரிசோதிப்பார்கள், சில இடங்களில் உங்களைக் கொஞ்சம் குடித்துக் காட்டவும் சொல்லலாம். குழந்தையைக் கையில் வைத்தபடிதான் நீங்கள் சோதனை வாயிலைக் கடப்பீர்கள், அவளை எக்ஸ்ரே இயந்திரத்தில் போட மாட்டார்கள். என்னிடம் இதைக் கேட்டவர்கள் உண்டு, அதனால்தான் எழுதுகிறேன். ஸ்ட்ரோலர் இருந்தால் விமானக் கதவு வரை தள்ளிக்கொண்டு போய் அங்கே கொடுக்கலாமா, இறங்கியதும் கதவருகே கிடைக்குமா அல்லது பெட்டிகளோடு வருமா என்று செக்-இன் செய்யும் இடத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பவுடர் பாலை வீட்டிலேயே கலந்து எடுத்துப் போக வேண்டாம். கலந்த பால் சாதாரண வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. பவுடரை அளந்து உலர்ந்த டப்பாவில் தனியாகவும், கொதித்த தண்ணீரைப் பிளாஸ்கிலும் எடுத்துக்கொண்டு, தேவைப்படும்போது கலந்து ஆறவைத்துக் கொடுங்கள். விமானத்தின் குழாய்த் தண்ணீரில் கலக்காதீர்கள். உண்மையில் உங்களுக்கு அந்த ஒரு வேளை பவுடர் பால் அன்றைக்கு அவசியமே இல்லை, தாய்ப்பாலே போதும். நீங்கள் தூங்கும் முறையில் அம்மாவுக்கோ கணவருக்கோ கை கொடுக்கட்டும் என்று ஒரு வேளைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகக் கூழோ பழமோ கொடுக்க ஆரம்பிப்பதைப் பயணத்துக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். புது உணவால் வரும் வயிற்றுப்போக்கை நடுவானில் சமாளிப்பது கஷ்டம். டயப்பர் மணிக்கு ஒன்று என்று கணக்கு வைத்தால் தாராளமாக இருக்கும். அவளுக்கு இரண்டு மாற்று உடை, உங்களுக்கும் ஒரு மேல்சட்டை. பால் கக்கிய சட்டையோடு ஏழு மணி நேரம் உட்கார வேண்டியதில்லை.

மடியில் வைத்துப் போனாலும் குழந்தைக்கு டிக்கெட் உண்டு, வெளிநாடு என்றால் அவளுக்கென்று பாஸ்போர்ட்டும் தேவை இருந்தால் விசாவும் உண்டு. பிறப்புச் சான்றிதழின் நகல் ஒன்றைக் கைப்பையில் வையுங்கள்.

இறங்கிய பிறகு ஓரிரு நாள் தூக்க நேரம் மாறித் தொந்தரவு செய்வாள். பகலில் வெளிச்சத்தில் வைத்திருங்கள், இரவில் விளக்கை அணைத்து அமைதியாகப் பால் கொடுங்கள், சரியாகிவிடும். ஆனால் காதிலிருந்து நீரோ சீழோ வந்தாலும், ஒரு நாளுக்கு மேல் காதைப் பிடித்து இழுத்து அழுதாலும், காய்ச்சல் வந்தாலும், வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து படுத்தாலும் அங்கேயே ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஊர் திரும்பியதும் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

கிளம்புவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் உங்கள் மருத்துவரைப் போய்ப் பாருங்கள். பயண நாளுக்குள் மகளுக்கு ஆறு மாதம் முடியுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டு போங்கள். தடுப்பூசிக்குக் கணக்கு பிறந்த தேதியிலிருந்துதான், குறைமாதம் என்று கழிக்க வேண்டியதில்லை. ஆறு மாதம் முடிந்த குழந்தை வெளிநாடு போகும்போது தட்டம்மைத் தடுப்பூசியை ஒரு தவணை முன்கூட்டியே போடும் பழக்கம் உண்டு. அது கூடுதல் தவணை, பிறகு வழக்கமாகப் போட வேண்டியதையும் போட வேண்டும். உங்கள் மகளுக்குத் தேவையா என்று கேளுங்கள். காய்ச்சலோ வலியோ வந்தால் கொடுக்க வேண்டிய பாராசிட்டமால் எத்தனை மில்லி என்று அவளுடைய இன்றைய எடைக்குக் கணக்கிட்டு எழுதி வாங்குங்கள். அந்தச் சீட்டும் மருந்தும் கைப்பையில் இருக்கட்டும், பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள்.